மூன்று வாரம் லண்டனில் இருக்கும்போது இம்பிளான்ட் கேஸ் பார்க்கலாமா?

கேள்வி: மதுரையில் பன்னிரண்டு வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். எம்.டி.எஸ். முடித்தவன், தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைக்கும் இம்பிளான்ட்தான் அதிகம் செய்கிறேன். வரும் ஜூலையில் மூன்று வாரம் லண்டனில் அக்கா வீட்டில் தங்குவேன். அக்காவின் தோழி அங்கே சொந்தக் கிளினிக் வைத்திருக்கிறார். வரும்போது நாலைந்து கேஸ் செய்து காட்டிவிட்டுப் போங்கள் என்கிறார். சென்னையில் ஒரு ஏஜென்ட் பதினைந்து நாளில் ‘டெம்பரரி ரிஜிஸ்ட்ரேஷன்’ எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்கிறார். இருபதாயிரம் முன்பணமும் வாங்கிவிட்டார். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் டாக்டர். அந்த இருபதாயிரத்தைத் திரும்ப வாங்கும் வழியைப் பாருங்கள்.

டெம்பரரி ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் தொல்லை. இல்லாத ஒன்றை விற்றால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். உங்கள் ஏஜென்ட் விற்பது இருக்கிற ஒன்றை; ஆனால் அது உங்கள் வேலைக்கு உதவாது.

பிரிட்டனில் பல் மருத்துவர்களைப் பதிவு செய்வது ஜெனரல் டென்டல் கவுன்சில் (ஜி.டி.சி.). 1984-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டப்படி, அதன் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அங்கே பல் மருத்துவம் பார்ப்பது குற்றம். நம்மூர் மாநிலக் கவுன்சில் பதிவு உங்களுக்குத் தகுதிச் சான்று, அவ்வளவுதான், அனுமதி ஆகாது. முழுப் பதிவு கிடைக்காத வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கு அந்தக் கவுன்சில் தருவதுதான் தற்காலிகப் பதிவு. அதை மூன்று காரணங்களுக்கு மட்டும் தருவார்கள்: பயிற்சி, கற்பித்தல், ஆராய்ச்சி. அதுவும் ஒரு குறிப்பிட்ட பதவிக்கு, மேற்பார்வையோடு, குறிப்பிட்ட காலத்துக்கு. முதலில் ஒரு மருத்துவமனையோ பல் மருத்துவக் கல்லூரியோ உங்களுக்கு அந்தப் பதவியைத் தர வேண்டும், அப்புறம்தான் பதிவு. தோழியின் தனியார் கிளினிக்கில் நாலு கேஸ் என்பது எந்தப் பதவியிலும் சேராது.

‘கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டுப் போகும் டாக்டர்’ என்கிற வகை ஐரோப்பிய ஒன்றியத்துப் பல் மருத்துவர்களுக்கு இருந்தது. முன்கூட்டி எழுதித் தெரிவித்துவிட்டு, எப்போதாவது வந்து சிகிச்சை தரலாம். பிரெக்ஸிட்டோடு, 2020 டிசம்பர் 31-ல் அந்தக் கதவு மூடப்பட்டது. அந்தப் பழைய விதியை அச்செடுத்து, இந்திய டாக்டர்களிடம் காட்டிப் பணம் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். நமக்கு அது அன்றைக்கும் பொருந்தியதில்லை.

“நான் பணம் வாங்கவில்லையே, செய்துதானே காட்டுகிறேன்” என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். சட்டத்தின் 37-ஆம் பிரிவு பல் மருத்துவத்துக்குச் சொல்லும் விளக்கம் மிக அகலமானது. பல் மருத்துவர் வழக்கமாகச் செய்கிற சிகிச்சை மட்டும் இல்லை, தருகிற ஆலோசனையும் அதில் அடங்கும். பல் செட் பொருத்துவதற்காகச் செய்யும் முன்வேலையும் அடங்கும். பல்லை வெளுப்பாக்குவதுகூடப் பல் மருத்துவம்தான் என்று 2013-ல் அங்கே உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெள்ளையடிக்கிற வேலைக்கே அப்படியென்றால், தாடை எலும்பில் டிரில் வைப்பதற்கு? சம்பளம் வாங்காதது, பேஷண்ட் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது, பக்கத்தில் தோழி நின்றது, எதுவும் காப்பாற்றாது.

அப்படியானால் வாசலோடு நிற்க வேண்டுமா? இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். விசிட்டர் விசா விதிகளில், வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர்கள் ‘பார்வையாளர்’ இடத்தில் இருக்கலாம் என்று இருக்கிறது. முன்கூட்டியே அதற்கான கடிதம் வேண்டும். இரண்டு நிபந்தனைகள்: சம்பளம் இல்லை, நோயாளிக்குச் சிகிச்சை இல்லை. பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், பேஷண்ட் போன பிறகு தோழியோடு கேஸைப் பற்றி விவாதிக்கலாம். பேஷண்ட் நாற்காலியில் இருக்கும்போது, “இந்த இடத்தில் எலும்பு போதாது, கிராஃப்ட் வைக்கணும்” என்று அவரிடம் சொன்னால் ஆலோசனை ஆகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் பார்வையாளராக நின்றார். கையில் கிளவுஸ். ஏன் போட்டீர்கள் என்றால், பழக்கமாம். நர்ஸ் அடுத்த டிரேயை எடுக்கத் திரும்பியபோது சக்ஷன் குழாயை அவர் பக்கம் நீட்டினார். நீட்டினால் வாங்கத்தானே தோன்றும்? வாங்கிவிட்டார். அடுத்த நிமிடம் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதுகூட அங்கே பதிவு பெற்ற நர்ஸின் வேலை. நல்லவேளை, யாரும் புகார் சொல்லவில்லை. கிளவுஸ் போடாதீர்கள். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை.

செய்து காட்டியே ஆக வேண்டுமா? பொம்மைத் தாடையில் செய்து காட்டுங்கள். தோழி நாலு டாக்டர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். மாடலில் டிரில் செய்யுங்கள், மதுரையில் செய்த கேஸ்களின் படங்களைப் பெயரில்லாமல் போட்டுக் காட்டுங்கள். நோயாளி இல்லை என்பதால் கவுன்சில் அனுமதி தேவைப்படாது. பணம் மட்டும் வாங்க வேண்டாம், அது விசாவில் தனித் தலைவலி.

இனி ஏஜென்ட். போன வருடம் ஒருவர் தன் ‘லைசென்ஸை’ எனக்கு அனுப்பினார். முத்திரை, கையெழுத்து, நீல நிறத் தலைப்பு எல்லாம் அழகாக இருந்தன. இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில், நோயாளிகளுக்கு எந்தச் சிகிச்சையும் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அது வெறும் பார்வையாளர் கடிதம். ஒரு மின்னஞ்சலில் கேட்டு வாங்கக்கூடிய தாளுக்கு அவர் லட்சத்தில் கொடுத்திருந்தார். கவுன்சில் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. பெயரைத் தட்டினால் பதிவு எண், எந்த வகைப் பதிவு, என்ன நிபந்தனை எல்லாம் வரும். உங்கள் பெயர் அதில் வராத வரை எந்த முத்திரையும் வெறும் மைதான்.

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் புதிதாக ஒரு பல் மருத்துவமனை திறந்தபோது, பெயர் பதிய நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசை கட்டினார்கள். போலீஸ் வர வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் நம் பிள்ளைகள், அங்கே பதிவு பெற வெளிநாட்டுப் பல் மருத்துவர்கள் எழுதும் ஓ.ஆர்.இ. தேர்வுக்கு இடம் கிடைக்காமல், கடையில் பில் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். பல் வலிக்கு ஆள் இல்லை, ஆளுக்குத் தேர்வு இல்லை! வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கு மேற்பார்வையோடு இடைக்காலப் பதிவு தரலாமா என்று 2024-ல் அரசே கருத்துக் கேட்டது. கருத்துக் கேட்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவர்கள் மெத்தனம் உங்கள் கேஸில் வாதமாக நிற்காது.

மாட்டினால் என்ன ஆகும்? வழக்கு, அபராதம். விசிட்டர் விசாவில் வேலை செய்ததாகப் பதிவு. பேஷண்டுக்கு நரம்பு பாதித்து உதடு மரத்துப்போனால் உங்களுக்காக எந்தக் காப்பீடும் வராது. நாளைக்கு முறையாக ஓ.ஆர்.இ. எழுதிப் பதிவுக்குப் போனாலும் நன்னடத்தைக் கேள்வியில் இது எழும். தோழியின் பதிவும் ஆபத்தில் போகும். இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். அனேகமாக அவர் யோசித்திருக்க மாட்டார்.

முன்பண விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்டுக்கு போன் செய்யாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எந்த மருத்துவமனை, என்ன பதவி, யார் மேற்பார்வையாளர், அவருடைய ஜி.டி.சி. எண் என்ன? இந்த நாலுக்கும் பதில் வரும்வரை மீதிப் பணம் கிடையாது, பதினைந்து நாளில் வராவிட்டால் கொடுத்ததும் திரும்ப வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். கொடுத்த இருபதாயிரத்துக்கு ரசீது வாங்கினீர்களா? இல்லையென்றால் வங்கிப் பரிமாற்றத்தின் நகலை அந்த மின்னஞ்சலோடு இணையுங்கள்.