எங்கள் ஊரில் படுக்கையில் இருக்கும் முதியவர்களைக் கவனிக்கத் தன்னார்வலர் குழு தொடங்க நினைக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது?

தயவுசெய்து மருத்துவ முகாம் போட்டு ஆரம்பிக்காதீர்கள். முகாமுக்கு நடந்து வரக்கூடியவர்கள் அல்ல நீங்கள் தேடுவது. ரேஷன் கடைக்காரர், அங்கன்வாடி ஊழியர், தபால்காரர் மூவரிடமும் விசாரித்தாலே தெருவாரியாகப் பாதிப் பட்டியல் தேறிவிடும்.

பார்த்துப் படிக்க வேண்டியது கேரளத்தை. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண சேவை, 2001 வாக்கில் மலப்புரத்தில் அக்கம்பக்கத்தாரே நடத்தும் வலைப்பின்னலாக வளர்ந்தது. வாரம் 2 மணி நேரம் தரக்கூடிய யாரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பு, 4 நாள் நேரடிப் பயிற்சி, பிறகு 10-15 பேராக ஒரு குழு. பணம் பெரும்பாலும் உள்ளூர்ச் சிறு நன்கொடைதான். ஆனால் எந்தக் குழுவுக்கும் பின்னால் ஒரு செவிலியர் இருப்பார். அது இல்லாவிட்டால் நீங்கள் செய்வது நலம் விசாரிப்பு மட்டுமே.

தமிழ்நாட்டில் அந்தச் செவிலியர் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு, தீராத நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, உங்கள் பட்டியலை அவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதல் நாளே மாத்திரை டப்பாவைப் பாருங்கள். அரசு கொடுத்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒரு அட்டை, தனியார் டாக்டர் எழுதிய அதே மருந்து வேறு பெயரில் இன்னொரு அட்டை. இரண்டையும் போட்டுக்கொண்டு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அன்றே செவிலியரிடம் காட்டுங்கள். மருந்து விவரம் எழுதிய நோட்டு நோயாளி வீட்டிலேயே இருக்க வேண்டும், குழுத் தலைவர் பையில் அல்ல.

அடுத்தது படுக்கைப்புண். ஏர் பெட் வாங்கிக் கொடுத்ததும் வீட்டார் புரட்டிப் படுக்க வைப்பதை விட்டுவிடுகிறார்கள். மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. குதிகாலுக்கு அடியில் அல்ல, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தொங்கவிடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. வளையமான காற்றுத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியுள்ள தோலுக்கு இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

குழுக்கள் சட்டை செய்யாத ஆள் ஒருவர் உண்டு: பார்த்துக்கொள்ளும் மருமகளோ மனைவியோ. வாரம் ஒரு மதியம் யாராவது அங்கே உட்கார்ந்து அவரை வெளியே அனுப்புங்கள். கைவிடப்பட்டவர், அடிபடுகிறவர் என்று தெரிந்தால் பஞ்சாயத்துப் பேச வேண்டாம். 14567 முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.