ஒரே ஊர், மூன்று மாவட்டம்: வம்சாவளி மென்பொருளில் ஊர்ப்பெயர் எழுதுவது எப்படி?

வம்சாவளி மென்பொருளில் ஊர்ப்பெயரை எப்படிப் பதிவது என்று கேட்டவர்களுக்கான பதில்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், எங்கள் தாத்தா 1931-இல் மாயவரத்தில் பிறந்தவர். அப்போது தஞ்சாவூர் ஜில்லா, இப்போது மயிலாடுதுறையே தனி மாவட்டம். எதைப் போடுவது?

நடுவில் ஒன்றை விட்டுவிட்டீர்கள், 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020-இல்தான் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. நிகழ்வு நடந்தபோது இருந்த பெயரைத்தான் எழுத வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு, பழைய பதிவேடு அந்தப் பெயரில்தான் கிடைக்கும் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் உங்கள் மென்பொருள் ஊரை வெறும் எழுத்தாகச் சேமித்தால் தாத்தா, அப்பா, நீங்கள் மூவரும் ஒரே தெருவில் பிறந்திருந்தாலும் அது மூன்று ஊர் என்றே கணக்கு வைக்கும், தேடினால் ஒருவர் வருவார், இருவர் வரமாட்டார்கள். கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருள் (இலவசம்தான்) வைத்திருந்தால் கவலை இல்லை. ஊருக்கு ஒரே ஒரு பதிவு போட்டு, எந்த ஆண்டு வரை எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்று தேதியோடு கொடுக்கலாம். மாயவரம், மாயூரம் எல்லாம் அதே பதிவில் மாற்றுப் பெயர்களாக உட்கார்ந்துகொள்ளும். அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால் இன்றைய பெயரை ஊர்க் கட்டத்தில் போட்டு, ஆவணத்தில் உள்ளதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் சான்றுக் குறிப்பில் எழுதுங்கள். என் கட்சி இதுதான், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

அண்ணா, பாட்டி பிறந்தது 1940, நாகர்கோவில். நாடு இந்தியா, மாநிலம் தமிழ்நாடு என்று போட்டுவிட்டேன். சரிதானே?

இன்றைய பெயர்தான் என்று முடிவு செய்திருந்தால் சரி. ஆனால் குறிப்பில் திருவிதாங்கூர் சமஸ்தானம் என்று எழுத மறக்காதீர்கள் தம்பி. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1-இல்தான் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாளைக்கு யாராவது பழைய நிலப் பதிவு தேடினால் சென்னைக்கு அலையாமல் திருவனந்தபுரத்தையும் யோசிப்பார்கள். செங்கோட்டைக்காரர்களுக்கும் இதே கதை. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம்.

ஸ்ரீரங்கம் என் பட்டியலில் இரண்டு முறை வருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது, இணைய மறுக்கிறது!

கண்ணுக்குத்தான் ஒன்று. ஸ்ரீ என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம், ஒன்று ‘ஸ’வில் தொடங்கும், இன்னொன்று ‘ஶ’வில், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவைகுண்டம் எல்லாவற்றுக்கும் இதே தொல்லை. சௌகார்பேட்டை இன்னும் மோசம்: ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் அடிப்பவர்கள் ஏராளம், செளகார்பேட்டை என்று புதிதாக ஓர் ஊர் முளைத்துவிடும். ஊர்ப்பெயரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யாதீர்கள். முதல் முறை அடித்ததோடு சரி, அப்புறம் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

வீட்டில் யார் படிக்கப் போகிறார்களோ அவர்கள் மொழியில். மாற்றுப் பெயர் வசதி இருந்தால் இரண்டும். தமிழில் ஒரு லாபம், எழுத்துக்கூட்டல் ஓரளவு நிலையாக இருக்கும். ஆங்கிலத்தில் அரசாங்கமே தடுமாறியிருக்கிறது: 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அக்கா வீட்டுத் தாத்தா 1925-இல் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மலேசியா என்று போடலாமா?

மலேசியா பிறந்ததே 1963-இல். நீங்கள் சொல்லும் காலத்தில் பேராக், கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் ஒன்று. பினாங்கு அதில் சேராது, அது நீரிணைக் குடியேற்றங்கள் என்ற தனி பிரிட்டிஷ் காலனியைச் சேர்ந்தது. ஆனால் நாட்டின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர்தான் முக்கியம். தோட்டம் கைமாறும், பெயர் மாறும், பிரித்து விற்பார்கள், வீட்டுமனை ஆகிவிடும். காகிதத்தில் உள்ள தோட்டப் பெயர், பக்கத்து டவுன், மாநிலம், முடிந்தால் வரைபடப் புள்ளி, நான்கையும் பதியுங்கள். தோட்டத்துத் தமிழர்கள் தங்களுக்குள் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

ஊர் ‘புதூர்’ என்று மட்டும் தெரியும். மென்பொருள் ஏழெட்டு புதூர் காட்டுகிறது.

எதையும் தேர்வு செய்யாதீர்கள். தாலுகா, மாவட்டம் என்று தெரியாத அடுக்கைக் காலியாக விடலாம், ஊகித்து நிரப்பினால் நாலு வருடம் கழித்து அது ஊகம் என்பது உங்களுக்கே மறந்துபோகும். பழைய கிரயப் பத்திரம் இருக்கிறதா பாருங்கள், அதில் ஜில்லா, சப் டிஸ்டிரிக்ட், தாலுகா, கிராமம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் குலதெய்வக் கோயில் எங்கே என்று விசாரியுங்கள், பல குடும்பங்களில் அது பூர்வீக ஊரிலோ பக்கத்திலோதான் இருக்கும்.

நூற்றுக்கணக்கில் தாறுமாறாகப் பதிந்தாகிவிட்டது. இனிமேல் எப்படிச் சரிசெய்வது?

முதலில் கோப்பை நகல் எடுங்கள். அப்புறம் ஆட்களை விட்டுவிட்டு ஊர்ப் பட்டியலை மட்டும் திறந்து, ஒரே ஊராக இருப்பவற்றை இரண்டிரண்டாக இணையுங்கள். வேறு மென்பொருளுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்று: வம்சாவளித் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஜெட்காம் (GEDCOM) 5.5.1 கோப்பில் ஊர் என்பது காற்புள்ளி போட்ட ஒரே வரிதான், நீங்கள் தேதியோடு அடுக்கிய மாவட்ட வரலாறு அதில் போகாது. அதனால் பழைய மென்பொருளின் கோப்பையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.