ரீஃப் தொட்டியில் ஐப்டேசியா: காசை எதில் போடுவது?

கேள்வி: மூன்றடி நீள ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன், சுமார் 190 லிட்டர். இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய பவளத் துண்டின் அடியில் பழுப்பாக ஒரு குட்டிக் கடல் சாமந்தி இருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்தேன். இப்போது பாறை முழுக்க முப்பது, நாற்பது முளைத்துவிட்டன. ஒரு காப்பர்பேண்ட் மீனும் ஆறு பெப்பர்மின்ட் இறாலும் வாங்கிப் போட்டால் தின்றுவிடும் என்கிறார் கடைக்காரர். மருந்து பாட்டிலும் காட்டினார். எதை வாங்கலாம்?

பதில்: மீன் வேண்டாம். மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஐப்டேசியாதான், பாறையில் ஒட்டிப் பரவித் தொல்லை தரும் ஒரு வகைக் கடல் சாமந்தி. செடியல்ல, பிராணி. நீளத் தண்டு, கூர்மையான மெல்லிய கைகள், தொட்டால் சட்டென்று பாறை இடுக்குக்குள் ஒளிந்துகொள்ளும். கைகள் குட்டையாகவும் நுனி குமிழ் குமிழாகவும் இருந்தால் அது மஜானோ என்ற வேறு வகைச் சாமந்தி. ஐப்டேசியாவின் பாதத்திலிருந்து ஒரு துணுக்கு பாறையில் ஒட்டி நின்றாலே போதும், அது தனிச் சாமந்தியாக வளர்ந்துவிடும். பிளேடு போட்ட இடத்திலிருந்துதான் இத்தனையும் வந்திருக்கின்றன. இனி சுரண்டுவதோ, நசுக்குவதோ, கிள்ளுவதோ கூடாது.

கடையில் விற்கும் ஐப்டேசியா-எக்ஸ் போன்ற பாட்டில்கள் வேலை செய்யும். பத்துப் பதினைந்து இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். நாற்பது என்றால் அதற்கு முன்னால் மலிவான வழியைப் பாருங்கள்: கால்சியம் ஹைட்ராக்சைடு, ரீஃப் ஆட்கள் கால்க் என்பது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் இதேதான். ஆனால் டப்பாச் சுண்ணாம்பில் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது, அது வேண்டாம். ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத் தூளாகக் கேளுங்கள். அரைக் கிலோ வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

செய்முறை எளிது. ஆர்.ஓ. தண்ணீர் சில சொட்டு விட்டுக் கெட்டிக் கூழாகக் குழைத்து, மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சில் ஏற்றுங்கள். மோட்டார்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஊசியால் குத்தாமல், சாமந்தி விரிந்திருக்கும்போதே வாய்மேல் மெதுவாக இறக்குங்கள். குத்தினால் உள்ளே ஓடிவிடும். அது சுருங்கும்போது மேலேயும் அடியிலும் கூழ் மூட வேண்டும். கால் மணி நேரம் கழித்து மோட்டாரைப் போடலாம். இது கடும் காரம், தண்ணீரின் பி.ஹெச். ஏறும். அதனால் உங்கள் அளவுத் தொட்டியில் ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் தொடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பவளத்தின் மேல் பட்டால் அதையும் சுட்டுவிடும். கையுறை போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

இறாலைப் பொறுத்தவரை, சரியான இறால் கிடைத்தால் வாங்கலாம். உண்மையான பெப்பர்மின்டுக்கு உடல் கண்ணாடி போல, அதன்மேல் சிவப்புக் கோடுகள் மட்டும். சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்து முதுகு கூன் போட்டிருந்தால் அது கேமல் இறால். ஐப்டேசியாவை விட்டுவிட்டு உங்கள் பவளத்தைத் தின்னும். இரண்டையும் மாற்றி விற்பது அடிக்கடி நடக்கும், தெரியாமலும் நடக்கும். சரியான இறாலே வந்தாலும் சின்னச் சாமந்திகளைத்தான் தின்னும், பெரியதை நீங்கள்தான் கூழால் முடிக்க வேண்டும். தினமும் தீனியை அள்ளிப் போட்டால் அதையும் செய்யாது. மிச்சத் தீனி சாமந்திக்கும் சாப்பாடு என்பதால் எப்படியும் தீனியைக் குறைத்துத்தான் ஆகவேண்டும்.

காப்பர்பேண்ட் சுமார் 20 சென்டிமீட்டர் வளரும். மூன்றடித் தொட்டியில் அதற்கு இடமில்லை. பல மீன்கள் கடைத் தீனியைத் தொடாமலே மெலிந்து சாகும், ஐப்டேசியாவையும் எல்லா மீனும் தின்பதில்லை. பெரிய தொட்டி உள்ளவர்கள்கூடக் கண்முன்னே அது சாப்பிடுவதைப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

ஐப்டேசியாவை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற கடல் நத்தை இனம் ஒன்று உண்டு. ஓடு கிடையாது, ராத்திரியில்தான் வெளியே வரும். கிடைத்தால் நல்ல முதலீடு, ஆனால் இறாலும் ராஸ் மீன்களும் அதைத் தின்றுவிடும் என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாமந்தி தீர்ந்ததும் பெர்கியா பட்டினி கிடந்து செத்துப்போகும், அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். மஜானோவை அது தொடாது.

அப்புறம் இரண்டு விஷயங்களை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஒன்று, செம்பு கலந்த மருந்து. பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும். இன்னொன்று, பாறையைக் கொதிக்க வைப்பது. அதில் ஜோவாந்திட், பாலிதோவா என்ற பவளம் போன்ற உயிர்கள் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு வந்து வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும். அப்படி நடந்தும் இருக்கிறது.

கேள்வி: இந்தச் சாமந்தியோடு பவளம் விற்ற கடை மீது புகார் கொடுக்க முடியுமா? "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்கள்.

பதில்: கொடுக்கலாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீதில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. முதலில் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மாவட்ட ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு மாதம் ஆகிவிட்டது, நடுவில் நீங்களே சுரண்டியும் இருக்கிறீர்கள். சாமந்தி கடையிலிருந்துதான் வந்தது என்று காட்ட வாங்கிய அன்றைய படம் இல்லையென்றால், ஒரு துண்டுப் பவளத்துக்காக அலைவது லாபமில்லை. பேசி ஒரு பாட்டில் மருந்தை வாங்கிக்கொள்வதே மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல் பவளங்கள் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் எடுத்ததை "லைவ் ராக்" (உயிர்கள் ஒட்டிய கடல் பாறை) என்று விற்றால் விற்றவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் மாட்டுவார். இறக்குமதி என்றால் அதைக் காட்டும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அடுத்த பவளம் வாங்கும்போது எப்படித் தப்பிப்பது?

பதில்: பவளம் ஒட்டியிருக்கும் பீங்கான் கட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள், சாமந்தி பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கும். டிப் மருந்தில் முக்கினால் ஐப்டேசியா சாகும் என்று நம்பாதீர்கள். தனியாக ஒரு சின்னத் தொட்டியில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வையுங்கள். நடுநடுவே கொஞ்சம் தீனி போட்டுப் பாருங்கள், ஒளிந்திருப்பது கை நீட்டும். பாறைக்கு உலர்ந்த பாறையோ பீங்கான் பாறையோ வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பீங்கான் என்றால் சட்டச் சிக்கலும் இல்லை.