கம்ப்யூட்டர் பார்த்தால் கண் வறண்டு போகுமா? எனக்குத் தண்ணீர் வடிகிறதே, அதையும் ஏன் 'உலர்வு' என்கிறார்கள்?

வறண்டு போகும். திரையின் வெளிச்சத்தால் அல்ல, அதைப் பார்க்கும்போது நாம் இமை கொட்ட மறந்துவிடுவதால். உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நானும் டாக்டரிடம் கேட்டேன்.

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் வந்தால் வரித் தணிக்கை சீசன். காலையில் எக்ஸெலைத் திறந்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் தலை நிமிரும். போன வருடம் மதியம் மூன்று மணி ஆனதும் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், அப்புறம் பொலபொலவென்று தண்ணீர். "என்னக்கா, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று ஆபீஸ் பையன் ரகசியமாகக் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

கண் டாக்டர் கீழிமையில் சின்னக் காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். 14 மில்லிமீட்டர் நனைந்திருந்தது. பத்துக்கு மேல் என்றால் பொதுவாகப் பரவாயில்லையாம். அடுத்து மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, இமைக்காமல் இருக்கச் சொன்னார். பத்து விநாடியாவது கலையாமல் நிற்க வேண்டிய கண்ணீர்ப் படலம் எனக்கு நாலே விநாடியில் உடைந்தது. "தண்ணி இருக்கும்மா, நிக்க மாட்டேங்குது" என்றார்.

விஷயம் அதுதான். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று மூடி போல இருந்து, ஆவியாகாமல் காக்கிறது. அந்த எண்ணெய் இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மீபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. மேலிமை கீழிமையை முழுதாகத் தொட்டு அழுத்தும்போதுதான் அது சரியாக வெளியே வரும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிற நாம், திரை முன்னால் ஐந்தாறுக்கு இறங்கிவிடுகிறோம். அதிலும் பல அரை இமைப்பு. படலம் உடைகிறது, கருவிழி காய்கிறது, அது எரிந்து சொல்லும் புகாருக்குக் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. எண்ணெய் இல்லாத தண்ணீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில்தான் ஓடும்.

நான் நம்பவில்லை. நான் வேலை பார்ப்பதை மகள் போனில் வீடியோ எடுத்து எண்ணினாள். ஒரு நிமிடத்தில் நான்கு! இமைக்காதவர்கள் என்பதால்தான் தேவர்களுக்கு 'இமையோர்' என்று பெயர். ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்னையும் அந்த லிஸ்டில் சேர்த்திருந்தது.

அதிகம் உதவியது சொட்டு மருந்து இல்லை, நாற்காலிதான். ஏசி காற்று நேராக முகத்தில் அடித்த இடத்தை மாற்றிக்கொண்டேன். பழைய ஃபைல் கட்டின் மேல் ஏற்றி வைத்திருந்த மானிட்டரைக் கீழே இறக்கினேன். பார்வை சற்றுத் தாழ்ந்தால் கண் குறைவாகத் திறக்கும், ஆவியாகும் பரப்பும் குறையும். ஒவ்வொரு ஷீட் முடிந்ததும் இரண்டு மூன்று முறை கண்ணை முழுதாக மூடித் திறக்கிறேன். இரவில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பத்து நிமிடம், உறைந்த எண்ணெய் இளக. டாக்டர் கொடுத்த லூப்ரிகன்ட் சொட்டு சீசனில் மட்டும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்கும் காசு செலவழித்தேன், பயனில்லை. 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கண் சோர்வு அதனால் குறைவதாகத் தெரியவில்லை. அதைவிட முட்டாள்தனம், முதலில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தது. அன்றே கண் பளிச்சென்று ஆகிவிடும், ஆனால் டாக்டர் கண்காணிப்பில்லாமல் நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வளரலாம்.

இமை கொட்டியும் மங்கல் தெளியவில்லை, வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது என்றால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். தும்மலுக்குப் போடும் செட்ரிசின்கூடக் கண்ணை உலர்த்தும். நான் அதை மாசக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.