ஊக்கு எத்தனை வேண்டும்?

(சின்ன ஓட்டங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு உதவ, நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தப்போகிறோம். இருநூறு பேர் வரலாம். டி-ஷர்ட், பதக்கம் இல்லை என்றால் ஆள் வருமா?

வரும். நான் முதல் தடவை எல்லாருக்கும் டி-ஷர்ட் அடித்தேன். எக்ஸ்எல் மட்டும் ஒரு பெட்டி மீந்தது. இன்றுவரை வண்டி துடைக்க அதுதான். கணக்கு முடித்தபோது டி-ஷர்ட்காரருக்குப் போனதில் பாதிகூட நோயாளிகளுக்குப் போகவில்லை. டெர்ரி ஃபாக்ஸைத் தெரிந்திருக்கும். புற்றுநோயால் வலது காலை இழந்து, 1980இல் செயற்கைக் காலோடு கனடாவில் 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடியவர். அவர் பெயரில் 1981இல் தொடங்கிய ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, போட்டியும் கிடையாது. அதற்கு வராத கூட்டமா?

ஆனால் காசு எதற்கு என்று பளிச்சென்று சொல்லிவிடுங்கள். ‘சிறுநீரக விழிப்புணர்வுக்காக’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல டயாலிசிஸ். அதற்குப் போய்வர வண்டிச் செலவு என்று சொல்லிப் பாருங்கள், பர்ஸ் தானாகத் திறக்கும். ஓட்டம் முடிந்த வாரமே வரவு செலவை எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பாதையை அளந்தோம். ஒருவர் போனில் 5.2 காட்டுகிறது, இன்னொருவர் போனில் 4.9. எதை நம்புவது?

இரண்டையும் வேண்டாம். மரமும் கட்டடமும் மறைத்தால் போன் தடுமாறும். சைக்கிள்தான் நம்பகம். எஃகு டேப்பால் நேரான சாலையில் 300 மீட்டர் அளந்து, அதில் நான்கு முறை ஓட்டி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் பாதையை அதே சைக்கிளில், ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளங்கள். வளைவில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. வெயில் ஏறினால் டயர் உப்பும், எண்ணிக்கை மாறும். அதனால் முடித்தபின் அந்த 300 மீட்டரை மறுபடி ஓட்டிச் சரிபாருங்கள். கடைசியில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிவிட்டால் பாதை குறைந்துபோகாது.

முதல் வருடம் நான் ஒரு நண்பரின் ஸ்கூட்டர் மீட்டரை நம்பினேன். பாதை 600 மீட்டர் குறைவு. ஒரு பையன் தன் பழைய நேரத்தைவிட மூன்று நிமிடம் முன்னால் வந்து, என் கையைப் பிடித்துக் குதித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: ஒரு டாக்டர் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். அது போதும்தானே?

போதாது. உட்கார்ந்தே இருந்தால் பயனில்லை. ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால், மின் அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. கடைசி நேரத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்து வேகமெடுப்பார்கள். அதனால் டாக்டரும் இதய அதிர்ச்சிக் கருவியும் முடிவுக் கோட்டருகே இருக்கட்டும். தொண்டர்களில் சிலருக்காவது நெஞ்சை அழுத்தும் முதலுதவியை (சிபிஆர்) பழக்கிவிடுங்கள்: நடுமார்பில், 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஓடுபவர் சட்டையில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டையின் பின்பக்கம் உறவினர் போன் எண்ணையும் சாப்பிடும் மருந்தையும் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் இருக்கட்டும், ஆனால் ‘குடி, குடி’ என்று நச்சரிக்க வேண்டாம். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவே ஆபத்தாகும்.

முந்தின நாள் ஆம்புலன்ஸ் வரும் வழியில் ஒரு ஒத்திகை பாருங்கள். நாங்கள் பார்த்தபோது ஒரு கேட் பூட்டிக்கிடந்தது. சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

கேள்வி: வழக்கமாக எல்லாரும் மறந்துபோவது என்ன?

ஊக்கு. நம்பர் அட்டைக்கு நான்கு, இருநூறு பேருக்கு 800. பாதிப் பேர் இரண்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பார்கள், ஆயிரமாக வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, கடைசியாக வருபவர். அவருக்குப் பின்னால் ஒரு தொண்டர் நடந்தே வர வேண்டும். அவர் வந்து சேரும்வரை எதையும் கழற்றக் கூடாது. மூன்றாவது வருடம் நாங்கள் அவசரப்பட்டோம். ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்து பேனரை மடித்துக்கொண்டிருந்தோம். கையில் டயாலிசிஸ் ஊசித் தழும்போடு ஒரு பெரியவர் மெதுவாக நடந்து வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “தம்பி, முடியிற இடம் இதுதானா?” என்று கேட்டார்.