தனி அலுவலரும் காலிக் குடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1978-க்குப் பிறகு சீனா எங்கேயோ போய்விட்டது. சிங்கப்பூரைச் சொல்லவே வேண்டாம். இங்கே தேர்தல், இலவசம், ஊழல், மறுபடி தேர்தல். நேர்மையான அதிகாரிகளிடம் பத்து வருடம் கொடுத்துவிட்டால் வளர்ச்சி ஏழைகளுக்கும் போய்ச் சேராதா?

ச., கோவை

அன்புள்ள ச.,

சிங்கப்பூரை விடுங்கள், அது ஒரு நகரம். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் இல்லாத சீனாவில் 1959 முதல் 61 வரை கோடிக்கணக்கானோர் பட்டினியில் செத்ததைப் பற்றிப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் நிறைய எழுதிவிட்டார், நான் வேறு எழுத வேண்டாம்.

"அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டால்" என்கிறீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. கொடுத்துப் பார்த்தாயிற்று ஐயா. 2016 அக்டோபரில் நம் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகளிடம் போனது. பெரும்பாலான ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். உங்கள் கோவைக்கு 2022 வரை மேயரே இல்லை. இது உங்களுக்கு உறைக்கவில்லை என்றால் வீட்டில் சொந்த போர்வெல் இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பெரியம்மா வீடு ஊரின் கடைசித் தெருவில். தண்ணீர் வராவிட்டால் காலை ஆறு மணிக்கே தலைவர் வீட்டு வாசலுக்குப் போய்க் காலிக் குடத்தை நங்கென்று வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தலைவர் ஒன்றும் உத்தமர் இல்லை. ஆனால் கடைசித் தெருவில் எண்பது ஓட்டு. சாயங்காலத்துக்குள் டேங்க் ஆபரேட்டர் சைக்கிளில் வந்துவிடுவார்.

2017 கோடையில் மோட்டார் காயில் எரிந்துபோனது. தனி அலுவலரைப் பார்க்க இரண்டு பஸ் மாறி ஒன்றிய அலுவலகம் போகவேண்டும். அவர் கையில் பல ஊராட்சிகள். நல்ல மனிதர்தான், பெரியம்மாவை உட்காரச் சொல்லி மனு வாங்கிக்கொண்டார். நாற்பது நாள் ஆயிற்று. தேர்தல் நடத்தாததால் மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் நிதிக்குழு மானியம் வேறு நின்றிருந்தது. முன்தெருவில் வீட்டுக்கு வீடு போர்வெல், யாருக்கும் அவசரமில்லை. கடைசியில் எங்கள் தெருக்காரர்களே வீட்டுக்கு இருநூறு ரூபாய் போட்டுக் காயில் கட்டினார்கள். நூறு நாள் வேலைக்கு அப்போது அறிவித்திருந்த தினக்கூலி 205 ரூபாய். நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த அதிகாரியின் வாசல் எந்த ஊரில் இருக்கிறது என்றே பெரியம்மாவுக்குத் தெரியாது. குடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

சரி, ஓட்டு இருந்தால் எல்லாம் வந்துவிடுமா என்பீர்கள். வராது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டும், 1996 முதல் 2006 வரை தலித் தலைவரைப் பதவியில் உட்காரவே விடவில்லை. ஒன்றுக்கும் உதவாத நாற்காலியைப் பத்து வருடம் யாராவது மறித்துக்கொண்டு நிற்பார்களா? யோசியுங்கள்.

2019-ல் ஓட்டுக் கேட்டு வந்த ஐந்து பேரிடமும் பெரியம்மா அந்தக் காயில் கட்டிய பில்லைக் காட்டினார். ஜெயித்தவர் புது மோட்டாரே போட்டுக் கொடுத்தார்.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களுக்கு மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் மாவட்டமும் அதில் உண்டு. பெரியம்மாவுக்கு இப்போது முட்டி வலி. இரண்டு பஸ் மாற முடியாது.