வயதான நாயைக் காரில் அழைத்துப் போக: உங்கள் கேள்விகளும் பதில்களும்

அக்கா, எங்கள் லாப்ரடாருக்கு 12 வயது. கதவைத் திறந்ததும் தாவி ஏறியவன், இப்போது பின்னங்கால் தள்ளாடி நிற்கிறான். எப்படி ஏற்றுவது? (திருச்சி)

இனி தாவ விடாதீர்கள். ஏறுவதைவிட இறங்கும்போது கவனம் அதிகம் வேண்டும். மொத்த எடையும் முன்னங்கால் மூட்டுகளில் விழும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நெஞ்சுக்கு அடியிலும் மற்றவர் இடுப்புக்கு அடியிலும் கைகொடுத்து, முதுகு மட்டமாக இருக்கும்படி தூக்குங்கள். தனியாள் என்றால் அகலமான பலகையில் ரப்பர் மேட்டை ஒட்டிச் சாய்த்து வையுங்கள். வாசற்படியில் சில நாள் அதில் நடக்கப் பழக்கிவிட்டு அப்புறம் காருக்குக் கொண்டுபோங்கள். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டால் பின்பக்கத்துக்குத் தாங்கல் கிடைக்கும்.

கழுத்துப் பட்டையைச் சீட்டோடு கட்டினால் போதாதா? (மதுரை)

போதாது. திடீரென பிரேக் போட்டால் இழுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கும். நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸ் வாங்கி, அதைக் குட்டையான பட்டையால் சீட் பெல்ட்டில் மாட்டுங்கள். எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு நீளம் இருந்தால் போதும். முன்சீட் வேண்டாம், அங்கே ஏர்பேக் இருக்கிறது.

அதே அளவு முக்கியம், வழுக்காத இடம். ரெக்சின் சீட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் கால் ஊன்றி ஊன்றியே வயதான நாய் களைத்துப்போகும். கீழே ரப்பர் மேட், மேலே கெட்டியான மெத்தை போடுங்கள்.

கொடைக்கானல் ஏறும்போது வாந்தி எடுக்கிறாள். தூக்க மாத்திரை தரலாமா?

நீங்களாக எதையும் தராதீர்கள். மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம். ஏற்கெனவே தள்ளாடும் நாய் இன்னும் தள்ளாடும். வாந்திக்கு மரோபிடன்ட் என்ற மருந்து உண்டு. சிறுநீரகம், கல்லீரல் நிலையைப் பார்த்து டாக்டர் எழுதித் தரட்டும். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடும் நாயாக இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டாம். மூட்டுவலி என்று நாம் சாப்பிடும் ஐபுபுரோஃபென் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது நாயின் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

டீ குடிக்கிற நேரம் மட்டும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உள்ளே விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். வெளியே 21 டிகிரி இருக்கும்போதே பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 32 டிகிரியைத் தொடும். கண்ணாடியை லேசாக இறக்குவதால் பெரிதாக ஒன்றும் குறையாது. நம் ஊர் மே மாத வெயிலை யோசித்துப் பாருங்கள். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். வயதான லாப்ரடார்களில் சிலவற்றுக்குக் குரல்வளைத் தசை செயலிழந்து, குரைப்பு கரகரத்து, மூச்சு சத்தமாக வரும். அவற்றால் சூட்டைத் தாங்கவே முடியாது. ஒருவர் டீ குடிக்கட்டும், ஒருவர் ஏசியைப் போட்டு நாயோடு இருக்கட்டும்.

மூச்சு நிற்காமல் இரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, தடுமாறினால் உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் காற்றுப்படச் செய்யுங்கள். அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் சீக்கிரம். கதவைத் திறக்கும் முன்பே கயிற்றை மாட்டிவிடுங்கள். காது மந்தமான நாய்க்கு லாரி ஹாரனும் கேட்காது, நீங்கள் கூப்பிடுவதும் கேட்காது.

நேற்றிலிருந்து தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சுற்றிச் சுற்றி வருகிறான். நாளை சேலத்தில் கல்யாணம். கூட்டிப் போகலாமா?

வேண்டாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பு பாதித்தாலும் இப்படி ஆகும், மூளையில் கோளாறு என்றாலும் ஆகும். முதல் வகை வயதான நாய்களுக்கு வருவதுதான், பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். அதுவரை நிற்கிற தரையே சுழலும்போது ஓடுகிற காரில் அவனால் இருக்க முடியாது. பழகிய ஆள் ஒருவர் வீட்டில் அவனோடு தங்கட்டும்.